கடையும் கடனும்: வடகொழும்புச் சிறுகடைகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

நமது வரலாற்று நூல்கள் தேசாதிபதிகளைப் பற்றிப் பேசும் அளவுக்குச் சந்தியிலுள்ள பலசரக்குக் கடையைப் பற்றிப் பேசுவதில்லை. பெருந்தோட்டத்தின் வரலாறும் துறைமுகத்தின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. ஆயின் துறைமுகத் தொழிலாளி வேலை முடிந்து வரும் வழியில் அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிய கடை, வரலாற்றாய்வுக்குரிய பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது. கொச்சிக்கடையில் தொடங்கிக் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகளூடாகக் களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளி வரையுள்ள கரையோரத்தின் சிறுகடைகளை முன்வைத்து இக்குறையைச் சிறிதளவேனும் நிரப்ப முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. சிறுகடையின் வரலாறு பண்டங்களின் வரலாறு மட்டுமன்று. அது அடிப்படையிற் கடனின் வரலாறாகும். சிறுகடைக்காரர் நீண்டதொரு கடன் சங்கிலியின் இறுதிக் கண்ணியாக இருந்தார். மக்களின் கண்ணுக்குத் தெரிந்த கண்ணியும் அவர் ஒருவரே. நெருக்கடிகள் தோன்றியபோதெல்லாம் மக்களின் சினம் கடையை நோக்கித் திரும்பியமைக்கான காரணங்களுள் முக்கியமானதொன்றை இந்நிலைமையிலேயே நாம் தேட வேண்டியுள்ளது.

1. இடமும் சொல்லும்

இக்கரையோரத்தின் இடப்பெயர்களே வணிகத்தின் சுவடுகளைக் கொண்டுள்ளன. கொச்சிக்கடை என்னும் பெயரிற் கடை நேரடியாகவே இடம்பெறுகின்றது. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்தின் தோற்றம் பற்றிய மரபுக் கதையும் கவனிக்கத்தக்கது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், குருவானவர் ஒருவர் வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்து பணிபுரிந்தார் என்று அக்கதை கூறும். அந்நியர் ஒருவர் ஐயத்துக்கிடமின்றி நடமாடுவதற்கு வணிகர் கோலமே ஏற்றதாக இருந்தது என்ற அளவில் இக்கதை அப்பகுதியின் இயல்பை நமக்கு உணர்த்துகின்றது. ஆங்கிலத்திற் கடல் தெரு எனப் பொருள்படும் பெயர் கொண்ட தெருவைத் தமிழர் செட்டியார் தெரு என்றே வழங்கி வருகின்றனர்.

சொற்களும் இவ்வாறே சான்று பகர்கின்றன. கடையைக் குறிக்கும் சிங்களச் சொல்லும், கடை உரிமையாளரைக் குறிக்கும் ‘முதலாளி’ என்ற சிங்கள வழக்கும் தமிழிலிருந்து சென்றவை. பண்டம் கடனாகக் கைமாறிய இடத்தில் மொழியும் கைமாறியுள்ளது. இரு மொழியினரும் அன்றாடம் சந்தித்த இடங்களுட் கடையே முதன்மையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கடைகளின் பரம்பலைப் போக்குவரத்துப் பாதைகள் தீர்மானித்தன. 1822இல் கிராண்ட்பாஸ் பகுதியிற் களனி கங்கையின் குறுக்கே படகுப் பாலம் அமைக்கப்பட்டது. 1895இல் அதன் இடத்தை விக்டோரியா பாலம் பெற்றது. 1899இல் மின்சார டிராம் வண்டி கிராண்ட்பாஸ் வரை ஓடத் தொடங்கிற்று. எனவே பெருங்கடைகள் அப்பாதையை ஒட்டி வளர்ந்தன. கங்கையின் முகத்துவாரத்தில் ஒதுங்கிக் கிடந்த மட்டக்குளியோ மீன்பிடிப்போரினதும் படகோட்டிகளினதும் கூலித் தொழிலாளரினதும் குடியிருப்பாகவே நெடுங்காலம் இருந்தது. கங்கையின் வடகரையிலிருந்து நீர்கொழும்பை நோக்கிச் செல்லும் ஹமில்டன் கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. இத்தகைய ஓரப்பகுதியிலேதான் சிறுகடையின் இயல்பை நாம் தெளிவாகக் காணலாம்.

2. துறைமுகமும் கடன் கொப்பியும்

1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவரை நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் காலித் துறையையே நாடின. அணை கட்டி முடிக்கப்பட்டபின் கொழும்பு நாட்டின் தலைமைத் துறைமுகமாயிற்று. நிலக்கரி ஏற்றவும் சரக்கு இறக்கவும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாக வந்தனர். கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் ‘தோட்டம்’ என்றும் ‘முடுக்கு’ என்றும் வழங்கிய நெருக்கமான குடியிருப்புகள் உருவாகின.

இத்தொழிலாளருட் பலரது வேலை நிரந்தரமானதன்று. கப்பல் வந்தால் வேலை உண்டு, வராவிடின் இல்லை. மழைக்காலத்தில் வேலை குறையும். ஆயின் பசி கப்பலின் வருகையைப் பார்த்து வருவதில்லை. ஒழுங்கற்ற வருமானத்துக்கும் ஒழுங்கான பசிக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பிய நிறுவனமே சிறுகடை. வங்கி இவர்களை அறியாது. அடகுக்கடைக்குச் செல்ல நகை வேண்டும். கடைக்காரருக்கோ ஆளைத் தெரிந்திருந்தாற் போதும்.

கடன் கொப்பியின் செயன்முறை எளிமையானது. வாங்கிய பொருளும் விலையும் கொப்பியில் எழுதப்படும். கூலி கிடைத்த நாளில் ஒரு பகுதி செலுத்தப்படும். எஞ்சியது அடுத்த பக்கத்துக்குச் செல்லும். வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. அது விலைக்குள்ளேயே மறைந்திருக்கும். அரைச் சுண்டு அரிசி, ஒரு துண்டு மாசி, ஒரு சிறு போத்தல் தேங்காயெண்ணெய் எனச் சிறுசிறு அளவுகளில் வாங்குவோர், மூட்டையாக வாங்குவோரைவிட அதிக விலையே கொடுத்தனர். வறியோர் வறுமையின் காரணமாகவே கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. பழைய பாக்கி தீரும்வரை வேறு கடைக்குச் செல்வதும் கடினம்.

எனினும் இவ்வுறவைச் சுரண்டல் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது. நோயும் மரணமும் நேர்ந்த வீட்டுக்கு முதலில் அரிசி கொடுத்ததும் இதே கடைதான். ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடைபெற்ற 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும் 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தத்தையும் பற்றி எழுதுவோர் தொழிற்சங்கத்தின் வலிமையைச் சரியாகவே எடுத்துரைப்பர். ஆயின் கூலியற்ற நாள்களில் ஒரு தொழிலாளர் குடும்பம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பது, சங்கத்தின் நிதியைப் போலவே, சந்திக் கடைக்காரரின் பொறுமையையும் பொறுத்ததாகும். இவ்வகையில் கடன் கொப்பி தொழிலாளர் வரலாற்றுக்குரிய ஆவணமுமாகும்.

3. சங்கிலியின் மேற்கண்ணிகள்

கடன் கொடுத்த கடைக்காரர் தாமும் கடன்பட்டவரே. பிரித்தானிய ஆட்சியில் வெளிநாட்டுச் செலாவணி வங்கிகள் ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்களுக்கே கடன் வழங்கின. உள்ளூர்ச் சிறு வணிகரை அவை நேரடியாக நாடவில்லை. இவ்விடைவெளியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் செயற்பட்டனர். வங்கியின் சிறாப்பர் பிணைநிற்க, அவர்கள் வங்கியிற் கடன் பெற்று, அதனைத் தமது முதலோடு சேர்த்து உள்ளூர் வணிகருக்கு அதிக வட்டிக்குக் கொடுத்தனர். பர்மா அரிசி இறக்குமதியிலும் அவர்களுக்குப் பெரும் பங்கிருந்தது. புறக்கோட்டையின் மொத்த வியாபாரி அவர்களிடம் கடன் பெற்றார். சிறுகடைக்காரர் மொத்த வியாபாரியிடம் தவணைக்குச் சரக்கெடுத்தார். தொழிலாளி சிறுகடையிற் கொப்பிக்கு வாங்கினார். இவ்வாறு இலண்டனில் தலைமையகம் கொண்ட வங்கியின் பணம், பல கைகள் மாறி, மட்டக்குளியின் ஒரு குடிசையில் உலை அரிசியாயிற்று. ஒவ்வொரு கையிலும் வட்டி ஏறியது.

சிறுகடைகளை நடத்தியோர் ஓரினத்தவர் அல்லர். தமிழகக் கரையோரத்திலிருந்து வந்த முஸ்லிம்கள், தேநீர்க்கடை நடத்திய மலையாளிகள், தென்மாகாணத்துச் சிங்கள வணிகர், யாழ்ப்பாணத் தீவுப்பகுதியினர் ஆகிய பலரும் இருந்தனர். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் முதலிய இடங்களிலிருந்து வந்தோர் சுருட்டுக்கடையும் சாப்பாட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் நடத்தினர். நீர்வளமும் விளைநிலமும் குறைந்த ஊர்களிலிருந்து பதின்ம வயதுச் சிறுவர்கள் உறவினர் ஒருவரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தனர். பகலில் நின்ற இடத்திலேயே இரவிற் பாய் விரித்துப் படுத்தனர். சம்பளம் முதலாளியிடமே சேமிப்பாக நின்றது. ஊர்ப்பற்றும் உறவுமுறையும் உழைப்புறவை மூடி நின்றமையால், அங்கு தொழிற்சங்கம் எளிதில் நுழைய முடியவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் ஒழுங்குபடுத்தியது. எனினும் முதலாளியை ‘அண்ணை’ என்றும் ‘மாமா’ என்றும் அழைத்த இளைஞன், சட்டத்தின் துணையை நாடுவது எளிதன்று.

இச்சங்கிலி எவ்வளவு நொய்தானது என்பதை 1925ஆம் ஆண்டு உணர்த்தியது. செட்டியார் நிறுவனங்கள் சில முறிந்ததைத் தொடர்ந்து வங்கிகள் கடன் வசதியைச் சுருக்கிக்கொண்டன. பின்னர் உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. உள்நாட்டவருக்குக் கடன் கிடைக்காமையை 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. ஆயினும் அவ்வங்கியின் கடனும் சந்திக் கடையின் படிக்கட்டு வரை இறங்கி வந்தது என்று கூறுவதற்கில்லை.

4. சினத்தின் இலக்கு

கடன்பட்டவர் செலாவணி வங்கியைக் கண்டதில்லை. இறக்குமதி நிறுவனத்தையும் கண்டதில்லை. விலை உயர்ந்த செய்தியை அவருக்குச் சொன்னவர் கடைக்காரரே. அக்கடைக்காரர் வேற்றினத்தவராகவும் வேற்று மதத்தவராகவும் இருந்தபோது, பொருளாதார முரண்பாட்டை இன முரண்பாடாகத் திரிப்பது அரசியல்வாதிகளுக்கு எளிதாயிற்று.

1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. போர்க்கால விலையேற்றம் அதன் பின்னணியில் இருந்தமையைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். 1930களில் மலையாளிகளுக்கெதிரான பகிஷ்கரிப்பு முனைப்புப் பெற்றது. 1927இல் பல இனத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டிய அதே குணசிங்க இயக்கம், வேலையின்மை பெருகிய காலத்தில் அப்பகிஷ்கரிப்பின் முன்னணியில் நின்றது. முற்போக்கு இயக்கங்களின் வரலாற்றைப் பயில்வோர் இத்திரிபை மறைத்துச் செல்லலாகாது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றதும், அரசு பங்கீட்டு முறையைக் கொணர்ந்தது. கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் பெருகின. கூப்பன் அரிசி வறியோருக்கு உண்மையான பாதுகாப்பாயிற்று. 1953இல் அதன் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. இங்கு சினம் சந்திக் கடையைத் தாண்டி அரசின் கொள்கையை நோக்கிச் சென்றது. சங்கிலியின் மேற்கண்ணியை மக்கள் இனங்காண முடியும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

ஆயின் அத்தெளிவு நீடிக்கவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தமிழர் கடைகள் இலக்காயின. 1983 யூலையில் கொழும்பில் அழிவு பெருமளவில் நிகழ்ந்தது. அதனைக் கடனாளிகளின் கிளர்ச்சி என்று விளக்குவது பெருந்தவறாகும். வாக்காளர் பட்டியல்களைக் கையிற்கொண்டு வந்த கும்பல்கள், அதற்குப் பின்னால் அமைப்பும் அரசியலும் இருந்தமையைக் காட்டின. நாம் கூறுவது இவ்வளவே: கடையின் மீதான பழைய மனக்குறை, அவ்வரசியலுக்கு ஆயத்தமான மொழியொன்றை வழங்கியது. கடை எரிந்தபோது கொப்பியும் எரிந்தது. கடன்பட்டவரின் பழைய பாக்கி அழிந்தது. அடுத்த மாதம் கடன் கிடைக்கும் வழியும் அதனோடு அழிந்தது. கலவரத்தால் வறியோர் பெற்ற பயன் யாது என வினவுவோருக்கு இதுவே விடை.

2014இல் அளுத்கமவிலும், உயிர்த்த ஞாயிறு நாளன்று கொச்சிக்கடை ஆலயம் உட்படப் பல இடங்கள் குண்டுத் தாக்குதலுக்குள்ளான 2019இல், சில வாரங்களின் பின் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. ஆண்டும் இலக்கும் மாறின, முறை மாறவில்லை.

5. முடிவாக

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை சிறுகடைக்குப் புதிய போட்டியைக் கொணர்ந்தது. கடைகள் எரிந்த அதே 1983ஆம் ஆண்டிலேயே கார்கில்ஸ் நிறுவனம் தனது முதலாவது ‘புட் சிட்டி’ அங்காடியைக் கொழும்பில் திறந்தது. பின்னர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் வருகையால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் கடைகள் மீண்டும் பெருகின. இன்று பேரங்காடி விலையை வெளிப்படையாக எழுதி வைக்கின்றது. எடையிற் குறை வைப்பதில்லை. இவை நன்மைகளே. ஆயின் அது கடன் கொடுப்பது வங்கி அட்டை உடையோருக்கு மட்டுமே. 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 சதவீதத்தை எட்டியபோது, அன்றாடக் கூலியில் வாழ்ந்தோருக்கு அட்டை இருக்கவில்லை. நுண்கடன் நிறுவனத்தின் முகவரோ வட்டியை மறைக்கும் கலையில் பழைய கடைக்காரருக்குச் சளைத்தவரல்லர்.

ஆகவே சிறுகடையின் மறைவை எண்ணி ஏங்குவதோ அதன் கொடுமைகளை மட்டும் பட்டியலிடுவதோ ஆய்வாளரின் பணியன்று. அக்கடை நிறைவேற்றிய சமூகத் தேவை இன்னும் நிறைவுறாதிருக்கின்றது என்பதே நாம் கொள்ள வேண்டிய முடிவு. இதனை மேலும் விரித்தாராய மூலங்கள் தேவை. செட்டியார்களின் பேரேடுகளைப் பற்றி ஆய்வாளர் எழுதியுள்ளனர். சந்திக் கடையின் கொப்பியோ கணக்குத் தீர்ந்ததும் சரை சுற்றும் தாளாகி மறைகின்றது. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் முதிய கடைக்காரரும் அவர்களிடம் வாங்கியோரும் இன்னும் வாழ்கின்றனர். நமது மாணவர்கள் அவர்களைத் தேடிச் சென்று, எஞ்சியுள்ள கொப்பிகளைப் படியெடுத்து, இரு தரப்பாரின் நினைவுகளையும் பதிவு செய்வார்களாயின், ஏட்டில் இடம்பெறாத மக்களின் வரலாறு அவர்தம் பாக்கிக் கணக்கிலிருந்தே எழுதப்படக்கூடும்.