புற்றின் மேல் கரும்பவளம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், ஐப்பசி மழை விட்ட ஒரு வாரத்தில் படம் ஒன்று அனுப்பியிருந்தார். ஆலைச் சுவரை ஒட்டிய காலிமனையில், தரையைப் பிளந்துகொண்டு கொத்தாகக் கிளம்பிய மெல்லிய குச்சிகள். அடி கருமை, நுனி வெண்மை. கைப்பேசிச் செயலி அதை 'ரமேரியா' என்ற பவளக்காளான் வகை என்று சொன்னதாம். "பவளக்காளான்தானே, சமைக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

சமைக்க வேண்டாம். அது பவளக்காளானாக இருக்க வாய்ப்பும் குறைவு.

பவளக்காளானுக்குக் குடையும் கிடையாது, குடைக்கு அடியில் மடிப்புகளும் கிடையாது. கிளைகளின் புறப்பரப்பு முழுவதிலும் ஸ்போர்கள் உண்டாகின்றன. கிளைகள் நிமிர்ந்து நிற்பதால் அவை தடையின்றிக் காற்றில் போய்விடும். இந்த வடிவம் அவ்வளவு தோதானது என்பதால், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல பூஞ்சைகள் தனித்தனியே இதற்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் இவற்றில் பெரும்பகுதி கிளேவேரியா என்ற ஒரே பெயரின்கீழ் குவிந்து கிடந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய இ.ஜே.எச். கார்னர் 1950இல் வெளியிட்ட பெருநூலில் அந்தக் குவியலைப் பிரித்துப்போட்டார். நம் நாட்டு இனங்களைத் தொகுத்துக் கே.எஸ். திந்த் எழுதிய நூல் 1961இல் வந்தது. அவர் அதிகம் அலைந்து தேடியது முசோரி மலைகளில். சமவெளிப் புதர்க்காடுகளுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

களத்தில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். ரமேரியாவில் பல இனங்கள் ஓக், பைன் போன்ற மரங்களின் வேர்களோடு கூட்டு வைத்து வாழ்பவை. சவுக்கும் சீமைக்கருவேலமும் மண்டிய நம் பக்கத்தில் அவற்றுக்கு என்ன வேலை? அடுத்தது, ஒரு கிளையை வளைத்துப் பாருங்கள். பவளக்காளான் சதைப்பற்றானது, பெரும்பாலும் பட்டென்று ஒடிந்துவிடும். பவளம்போலவே தோன்றும் கலோசெரா ரப்பர்போல வளையும். பிறகு ஒரு துண்டை வெள்ளைத்தாள் பாதி, கறுப்புத்தாள் பாதியாக வைத்து அதன்மேல் போட்டு, இரவு முழுக்கக் கிண்ணத்தால் மூடி வையுங்கள். ரமேரியா மஞ்சள்பழுப்பு ஸ்போர்த் தூள் உதிர்க்கும். இன்னொரு பவளக்காளானான கிளேவுலினாவின் தூள் வெள்ளை.

வாசகரின் படத்தில் இருப்பது சைலேரியா என்று நினைக்கிறேன். பவளக்காளான்களுக்கு மிகத் தூரத்து உறவு. குச்சி நார்போல விறைப்பாக இருக்கும்; நறுக்கினால் கரிய தோலுக்குள் வெள்ளைச் சதை தெரியும். இளங்குச்சியின் நுனியில் விரல் பட்டால் வெண்தூள் ஒட்டும். முற்றியபின் வெண்மை போய், கறுத்த மேற்பரப்பில் பொடிப்பொடியான புள்ளிகள் எழும்பி நிற்கும்.

இது வந்த வழிதான் என்னைக் கட்டிப்போட்ட சங்கதி. கறையான்கள் புற்றுக்குள் தோட்டம் போட்டுக் காளான் பயிரிடுவது தெரிந்ததுதான். மழைக்காலத்தில் நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்தப் பயிரின் பூ. அதே தோட்டத்தில் சைலேரியா வகைக் களையொன்றும் வெளியே தெரியாமல் நூல்நூலாக ஒளிந்திருக்கிறது. என் அப்பா பிடுங்கிய களையை வரப்பில் போடாமல், சேற்றிலேயே மிதித்து அமுக்கிவிட்டுப் போவார். கறையானும் அதையே செய்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கறையான்கள் பயிரையும் களையையும் வாசனையால் பிரித்தறிந்து, களையைத் தேடி மண்ணுருண்டை வைத்து மூடிவிடுவதைக் காட்டினார்கள். கூட்டம் அழிந்தாலோ புற்றைவிட்டுப் போனாலோ அந்தக் காவல் நின்றுவிடும். களை தோட்டம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, மண்ணைத் துளைத்து மேலே குச்சி நீட்டும். ஆக, அந்தக் காலிமனைக்கு அடியில் ஒரு கறையான் குடியிருப்பு இருந்து, அழிந்திருக்க வேண்டும். ஜேசிபி வைத்து மனையைச் சமன்படுத்தும்போது புற்றை முதலில் இடிப்பதுதானே நம் வழக்கம்! கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வந்தபோது மேய்ச்சல் நிலமும் காடும் போகின்றன என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தது நினைவிருக்கும். தரிசு என்று ஒரு நிலத்துக்குப் பெயர் வைக்குமுன் அதில் எத்தனை புற்று உண்டு என்றாவது எண்ணிப் பார்க்க மாட்டோமா?

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிலும் கொரியாவிலும் பவளம்போலச் சிவந்து நிற்கும் ஒரு பூஞ்சையை மருந்துக்காளான் என்று தவறாக எண்ணி உட்கொண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். செயலி சொன்ன பெயரை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். இனம் சரியாகத் தெரிந்த புற்றுக்காளானாகவே இருந்தாலும், உருக்காலைகளின் ஓரத்தில் பறித்தது வேண்டாம். காட்மியம், ஈயம், பாதரசம் போன்றவற்றை மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் தன்மை காளான்களுக்கு உண்டு. கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அந்த உலோகங்கள் முழுவதும் போய்விடாது.

பறிப்பதைவிடப் பதிவு செய்வது பயனுள்ளது. மேலிருந்து எடுத்த ஒரே படம் போதாது. பக்கவாட்டிலும், அடியோடு தோண்டி எடுத்தும், நறுக்கியும் எடுங்கள். பக்கத்தில் என்ன மரம், புற்று இருந்ததா என்று குறியுங்கள். பாலிதீன் பையில் போட்டால் மறுநாளே அழுகிவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, இடமும் தேதியும் எழுதி வைத்தால் தாவரவியல் துறை உள்ள எந்தக் கல்லூரிக்கும் தரலாம்.