சிற்றுரு மரம்: கம்பியில் கிளை, காகிதத்தில் இலை

டயோரமா என்பது ஓர் இடத்தையும் அங்கே நடப்பதையும் முப்பரிமாணத்தில் சுருக்கிக் காட்டும் மாதிரிக் காட்சி. போர்க்களம், ரயில் நிலையம், கிராமத் தெரு, காடு என எதுவும் அதற்குப் பொருளாகலாம். அதில் இடம்பெறும் வண்டிகளையும் கட்டடங்களையும் பிளாஸ்டிக்கில் வார்த்துவிட முடியும். அவற்றுக்கு வரைபடமும் திட்டமான அளவும் உண்டு. மரம், செடி, புல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் அன்றாடம் மரத்தைப் பார்த்துப் பழகிய கண் அதிலுள்ள பிழையை உடனே கண்டுகொள்ளும். டாங்கியில் ஓர் ஆணி குறைவதைக் கவனிக்காதவர்கூட, பக்கத்தில் நிற்கும் மரம் பொம்மை மரம் என்று சொல்லிவிடுவார்.

பிழை பெரும்பாலும் அளவில்தான் தொடங்குகிறது. இராணுவ மாதிரிகளில் மிகவும் பரவலான விகிதம் 1:35. மாதிரி ரயில்களில் 1:87 அதிகம், பிரிட்டனில் 1:76. முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 175 செ.மீ. உயரமுள்ள மனிதர் 5 செ.மீ. ஆவார், 14 மீட்டர் மரம் 40 செ.மீ. ஆகும். இதுவரை சிக்கல் இல்லை; இலைக்கு வரும்போதுதான் சிக்கல். 14 செ.மீ. நீள ஆலிலை 4 மி.மீ. ஆகும், 7 செ.மீ. நீள வேப்பஞ்சிற்றிலை 2 மி.மீ. ஆகும், புளியின் சிற்றிலையோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். 1:87 விகிதத்தில் ஆலிலையே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும், புளியிலை வெறும் தூள். ஆகவே இலையைத் தனித்தனியாகக் காட்டுவதா, இலைத்திரளாகக் காட்டுவதா என்பதை விகிதமே முடிவு செய்கிறது. 1:35இல் இலைக்கு உருவம் வேண்டும். 1:87இல் திரள் போதும்.

உயிருள்ள செடியை நட்டால் என்ன என்ற கேள்வி எழும். நவராத்திரிக் கொலுவில் பூங்கா அமைப்பவர்கள் கடுகையும் கேழ்வரகையும் முளைக்கவிட்டு அதைத்தான் செய்கிறார்கள். பொம்மைகள் ஒரு சாண் உயரம் இருப்பதால் அந்த முளைகள் புதராகவும் புல்லாகவும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. 5 செ.மீ. மனிதருக்கு அருகில் அதே கடுகு முளை சேம்பிலையாகத் தெரியும். பத்து நாளில் வாடியும் போகும்.

மரம் செய்யும் வேலை எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குகிறது. மெல்லிய இரும்பு அல்லது செப்புக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்து, கீழ்ப்பகுதியைக் குறடால் முறுக்கினால் அடிமரம். அதற்கும் கீழே விடப்பட்ட முனைகளைப் பிரித்து வளைத்தால் வேர். மேலே போகப்போகக் கட்டிலிருந்து சில கம்பிகளைப் பிரித்து முறுக்கினால் கிளை. அந்தக் கிளையிலிருந்து மேலும் சிலவற்றைப் பிரித்தால் சிறுகிளை. கடைசியில் ஒற்றைக் கம்பி.

இந்த எளிய முறை நிஜ மரத்தைப் போலவே அமைவது தற்செயல் அல்ல. எந்த உயரத்திலும் கிளைகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1964இல் ஷினோசாகி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் குழாய் மாதிரிக் கோட்பாடு என்ற வடிவம் தந்தார்கள். குறிப்பிட்ட அளவு இலைக்கு நீரைக் கொண்டுவரக் குறிப்பிட்ட பருமனுள்ள குழாய் தேவை. மரத்தின் தண்டு அத்தகைய குழாய்களின் கட்டு என்பது அதன் சாரம். கம்பிக் கட்டும் அதேதான். 64 கம்பிகளில் தொடங்கினால் எந்த உயரத்தில் எண்ணினாலும் 64 கம்பிகள்தான் இருக்கும். அதனால் கிளை தடிக்கவேண்டிய இடத்தில் தடித்து, மெலியவேண்டிய இடத்தில் தானாகவே மெலிகிறது. தடித்த குச்சியில் துளையிட்டுக் கம்பிகளைச் செருகிச் செய்யும் மரம் எவ்வளவு வண்ணம் பூசினாலும் ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம், அதில் இந்தக் கணக்கு இல்லாததே.

ஒரு குறை உண்டு. 64 கம்பிக்கு 64 நுனிதான் கிடைக்கும், 30 செ.மீ. மரத்துக்கு அது போதாது. நுனிகளில் உலர்ந்த செடித்துணுக்குகளையோ நாரையோ ஒட்டித்தான் மிலாறுகளைப் பெருக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பசையில் நுண்மணல் அல்லது மரத்தூள் கலந்து பூசினால் முறுக்கு மறைந்து பட்டை தோன்றும். காய்வதற்குள் ஊசியால் நெடுக்காகக் கீறிவிடுவார்கள். பட்டை என்றதும் கை காப்பிப்பழுப்பு வண்ணத்தைத் தேடும். வெயிலில் நிற்கும் பெரும்பாலான மரங்களின் பட்டை உண்மையில் சாம்பல் நிறம்.

கம்பி முறுக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. சைபீரியா, மங்கோலியா பகுதிகளில் வளரும் டெலாக்சிஸ் அரிஸ்டாட்டா என்ற சிறு செடி காய்ந்தபின் முழு மரத்தின் கிளையமைப்பைச் சிறிய அளவில் அப்படியே காட்டும். மாதிரிக் கலைஞர்கள் இதைக் கடல்நுரை என்பார்கள்; கடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தண்டு கோணலாக இருந்தால் நனைத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, நுனியில் சிறு எடை கட்டி உலர்த்தினால் நிமிர்ந்துவிடும். 1:87 மரங்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அரிது. ஊசியிலை மரங்களுக்குப் பாட்டில் பிரஷ் செய்யும் முறை ஏற்றது: இரு கம்பிகளுக்கிடையே நாரைப் பரப்பி முறுக்கி, கத்தரியால் கூம்பாக வெட்டுவது. தென்னை, பனை வகைகளுக்குக் காகிதமே போதும். நீண்ட காகித மட்டையின் நடுவே கம்பியை ஒட்டி, இருபுறமும் சாய்வாக நெருக்கமாக நறுக்கினால் தென்னங்கீற்று விரியும்.

அடுத்தது இலை. மலிவானது ஸ்பாஞ்ச் தூள்: பாலியூரித்தேன் ஸ்பாஞ்சை அரைத்துச் சாயமேற்றியது. சிறு விகிதங்களுக்கு இது பொருந்தும்; 1:35இல் பச்சை ரொட்டித்துகளாகத் தெரியும். அந்த விகிதத்துக்குக் காகிதத்தில் லேசர் கொண்டு வெட்டிய இலைகளும், அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகட்டு இலைகளும் கிடைக்கின்றன. பித்தளைக்குப் பெரணி போன்ற நுட்பமான வடிவங்கள் நன்றாக வரும். தீயில் காட்டி ஆறவிட்டால் இளகி, விரும்பியபடி வளையும். இலை வடிவ அச்சுள்ள சிறு துளைக்கருவியில் காய்ந்த நிஜச் சருகைச் செலுத்தி, அதிலிருந்தே நூற்றுக்கணக்கான குட்டிச் சருகுகளை வெட்டுவதும் உண்டு. பழுப்பின் பல சாயல்களை இலவசமாகத் தருவது இதன் சிறப்பு.

எல்லாவற்றிலும் சுவையானது பிர்ச் மரத்தின் உபயம். இமயமலையில் ஏடாகப் பயன்பட்ட பூர்ஜப் பட்டையைத் தரும் மரமும் இந்த இனமே. இதன் பூங்கதிர் முற்றி உதிரும்போது விதைகளோடு மூன்று மடல் கொண்ட சிறு செதில்களும் கொட்டுகின்றன. சில மில்லிமீட்டரே உள்ள இந்தச் செதில், 1:35 விகிதத்துக்கு மேப்பிள் இலையின் வடிவத்திலும் அளவிலும் இருக்கிறது. ஐரோப்பியக் காட்டுத் தரையைக் காட்ட விரும்புபவர்கள் கதிர்களை உதிர்த்து, விதையைச் சலித்து நீக்கி, செதிலைச் சேர்த்துவைக்கிறார்கள்.

கிளைகளில் பசையைத் தெளித்து இலையைத் தூவும் கட்டத்தில்தான் பல மரங்கள் கெடுகின்றன. இலை கூடக்கூட மரம் உருண்டையாகிறது. நிஜ மரத்தில் இலைகள் கிளைநுனிகளில் அடுக்கடுக்காக நிற்கும். அடுக்குகளுக்கு நடுவே வானம் தெரியும், உள்ளே கிளைகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இந்த இடைவெளிகளைக் காப்பதுதான் தேர்ந்த கை. எனவே நுனிகளில் மட்டும் மெல்லியதாகத் தூவி, காயவிட்டு, தேவையான இடத்தில் மறுபடி தூவுகிறார்கள்.

புல்லுக்கு வழி மின்சாரம். நைலான் அல்லது ரேயான் இழைகளை 2 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை நறுக்கி, சல்லடை பொருத்திய கைக்கருவியில் போடுவார்கள். கருவியின் ஒரு முனை சல்லடையோடும், மறுமுனை ஈரப்பசையில் குத்திய ஆணியோடும் இணைந்திருக்கும். இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம். ஒரே மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்குவதால் கட்டியாகாமல் பிரிகின்றன. மின்புலக் கோடுகளின் வழியே பறந்து பசையில் செங்குத்தாகக் குத்தி நிற்கின்றன. நகைப்பெட்டிகளின் உட்புறம் வெல்வெட் போலிருப்பதும் இதே நுட்பத்தால்தான். 6 மி.மீ. இழை 1:35இல் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த புல். 1:87இல் முழங்காலளவுப் புல். ஒரே நீளம், ஒரே நிறம் என்றால் கால்பந்து மைதானம்தான் மிஞ்சும்; நீளங்களையும் மூன்று நான்கு பச்சைகளையும் வைக்கோல் நிறத்தையும் கலப்பது அவசியம்.

நிறத்திலும் விகிதம் குறுக்கிடுகிறது. 1:35 மாதிரியை அரை மீட்டரிலிருந்து பார்ப்பது நிஜ மரத்தை 17.5 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தொலைவு கூடும்போது காற்று நிறத்தின் செறிவைக் குறைக்கும். அறை விளக்கோ வெயிலைவிடப் பன்மடங்கு மங்கல். இரண்டையும் ஈடுகட்ட, நிஜ இலையைவிடச் சற்று வெளிறிய, மஞ்சள் தட்டிய பச்சை தேவைப்படுகிறது. திரளின் அடியில் இருண்ட பச்சையும் மேலிருந்து ஏர்பிரஷால் வெளிர்பச்சையும் படியவைத்தால் ஒளி மேலிருந்து விழும் உணர்வு வரும். பளபளப்பு மட்டும் கூடாது; கடைசியாக மங்கல் வார்னிஷ் பூசுவார்கள். தரையில் பரப்பும் நிஜ மண்ணையும் சருகையும் முன்னரே அடுப்பில் சுடவைப்பது வழக்கம், பூச்சியும் பூஞ்சையும் வராதிருக்க.

எவ்வளவு காலம் நிற்கும் என்பது பொருளைப் பொறுத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாமில் ஹார்வர்டு காட்டைச் சேர்ந்த ஃபிஷர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே நிலப்பகுதி 1700 முதல் 1930 வரை காடாக, பண்ணையாக, மறுபடி காடாக மாறியதைக் காட்டும் வரிசை உட்பட 23 டயோரமாக்கள் அங்கே உள்ளன. கர்ன்ஸி, பிட்மன் இருவரின் கலைக்கூடம் 1930களில் செய்யத் தொடங்கிய அவற்றின் மரங்கள் செப்புக் கம்பியாலானவை. இன்றும் பார்வைக்கு இருக்கின்றன. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சுக்கு அந்த ஆயுள் இல்லை: காற்றும் ஈரமும் ஒளியும் பட்டுச் சில பத்தாண்டுகளில் பொடியாகிவிடும். கிளிசரினில் ஊறவைத்துப் பதப்படுத்திய பாசிகள் ஈரம் வற்றினால் நொறுங்கும். சாயங்கள் வெயிலில் வெளுக்கும். அதனால் நல்ல டயோரமாவைச் சன்னலுக்கு எதிரே வைப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியால் மூடி வைப்பார்கள். தூசி படிந்துவிட்டால் துடைப்பதற்குப் பதில் மெதுவாக ஊதித்தான் நீக்க வேண்டும். துணி பட்டால் தூசியோடு இலையும் வந்துவிடும்.