கொட்டகையிலிருந்து கடைக்கு – 7: பெயர் மாறினால் போச்சு!

சென்ற வாரம் 'தியாகபூமி'யோடு நிறுத்தியிருந்தோம். 1939-இல் ஆனந்த விகடனில் கல்கி தொடர்கதை எழுத, கே. சுப்ரமணியம் அதைப் படமாக்க, படத்தின் ஸ்டில்களே கதைக்குச் சித்திரங்களாக வந்தன. பத்திரிகையும் படமும் ஒரே பெயரில் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. அந்த 'ஒரே பெயர்' எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வாரம் நெய்வேலியிலிருந்து பார்க்கலாம்.

நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் 1998-இல் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியது. 11-ஆம் வட்டம், லிக்னைட் அரங்கம். ஷிப்டு முடிந்து குடும்பத்தோடு வருகிறவர்களும், விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும்தான் கூட்டம். இப்படிப்பட்ட ஊரில் சினிமா எந்தப் புத்தகத்தை விற்றுத்தரும், எதைக் கைவிடும்?

விற்றுத்தருவதற்குப் பெரிய சாட்சி 'பொன்னியின் செல்வன்'. 1950-இல் தொடங்கிய தொடர், 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகப் படமாக வந்தது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் மலிவுப் பதிப்பிலிருந்து கெட்டி அட்டை வரை கைக்கேற்ற விலையில் அடுக்கிவைக்க முடிந்தது. நெய்வேலிக்காரர்களுக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. படம் போரில் தொடங்குகிறது; நாவல் தொடங்குவதோ ஆடிப் பதினெட்டில், வீரநாராயண ஏரிக்கரையில். அதுதான் இன்றைய வீராணம், சேத்தியாத்தோப்புப் பக்கம், இதே கடலூர் மாவட்டம். படம் பார்த்துவிட்டு முதல் அத்தியாயத்தைப் பிரித்தவருக்குத் தன் ஊர்த் தண்ணீரே கண்ணில் பட்டிருக்கும். வாங்கியவர்களெல்லாம் ஐந்து பாகத்தையும் முடித்தார்களா என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்துவிட்ட புத்தகத்தை யாராவது ஒரு நாள் எடுப்பார்கள்.

இனி அடுத்த பக்கம். 'அசுரன்' 2019-இல் சக்கைப்போடு போட்டது. அதன் மூலம் பூமணியின் 'வெக்கை', 1982-இல் வந்த நாவல். 'விசாரணை'க்கு மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. 'விடுதலை'க்கு ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதை. கடைக்கு வந்து 'அசுரன் புத்தகம் இருக்கா?' என்று கேட்பவருக்கு, விவரம் தெரிந்த கடைக்காரர் இருந்தால்தான் 'வெக்கை' கைக்கு வரும். இல்லாவிட்டால் 'இல்லையே சார்' என்ற பதிலோடு முடிந்தது. ஆங்கிலப் பதிப்பாளர்கள் இதில் கெட்டிக்காரர்கள். விகாஸ் ஸ்வரூப் எழுதிய 'கியூ அண்ட் ஏ' நாவலை, 2008-இல் படம் வந்ததும் 'ஸ்லம்டாக் மில்லியனர்' என்றே பெயர் மாற்றி விற்றார்கள். அந்த அளவுக்கு நாம் இறங்க வேண்டாம். எழுத்தாளர் வைத்த பெயர் அட்டையில் நிற்கட்டும். அதன்மேல் ஒரு காகிதப் பட்டி சுற்றி, எந்தப் படத்தின் மூலக்கதை என்று அச்சிட்டால் போதும்.

பக்கத்து ஊர்க்காரர் தங்கர் பச்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டியை அடுத்த பத்திரக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய 'ஒன்பது ரூபாய் நோட்டு' நாவல், 2007-இல் அதே பெயரில் சத்யராஜ் நடிக்கப் படமானது. பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் அப்படியே திரைக்கு வந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் தேடுபவருக்குக் குழப்பமில்லை. ஆனால் அவருக்குப் பெரும்பெயர் தந்த 'அழகி' (2002)? அதன் மூலம் 'கல்வெட்டு' என்ற சிறுகதை. 'அழகி'யைப் பார்த்துக் கண் கலங்காத வீடு இந்தப் பக்கத்தில் அபூர்வம். 'கல்வெட்டு' படித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிறுகதைக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. பெயரும் வேறு, தனிப் புத்தகமும் கிடையாது, ஏதோ ஒரு தொகுப்புக்குள் ஒளிந்திருக்கும்.

சினிமா படிப்பைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. படம் ஆளைக் கடை வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது நம்முடைய கோளாறு. டைட்டிலில் மூலக்கதையின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓடவிடும் இயக்குநர்களுக்கும் அதில் பங்குண்டு.

கண்காட்சி நடத்துபவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: 'படமான கதைகள்' என்று ஒரே ஒரு மேசை போடுங்கள், படத்தின் பெயரையும் கதையின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி. நெய்வேலி வாசகர்களே, அடுத்த முறை லிக்னைட் அரங்கம் போகும்போது 'கல்வெட்டு' இருக்கும் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

(தொடரும்)