கைக்காசுக் கனவுகள் – 7: நாணலைத் தின்ற மாடுகள்

கையில் இருக்கும் காசு பாதி வழியில் தீர்ந்துபோனால் கனவை என்ன செய்வது? சென்ற வாரம் இந்தக் கேள்வியில் நிறுத்தியிருந்தோம். பதிலுக்கு 1952ஆம் ஆண்டின் கல்கத்தாவுக்குப் போக வேண்டும்.

அப்போது சத்யஜித் ராய்க்கு வயது 31. டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியர். 1943இல் மாதம் 80 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே, இதைச் சினிமாவாக எடுத்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்துவிட்டது. 1950இல் அலுவலக வேலையாக லண்டன் போனபோது ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். ஸ்டுடியோவும் நட்சத்திரங்களும் இல்லாமல், தெருவில் எடுத்த இத்தாலியப் படம். எண்ணம் அன்றைக்கு முடிவாகிவிட்டது.

விபூதிபூஷண் அதே ஆண்டு காலமானார். அவருடைய மனைவிக்கு ராயின் ஓவியங்கள் பிடிக்கும். படமாக்கச் சம்மதம் கொடுத்தார். தயாரிப்பாளர்கள்தான் கொடுக்கவில்லை. பாட்டு இல்லை, தெரிந்த முகம் இல்லை, படம் எடுப்பவருக்கு முன்அனுபவமும் இல்லை. எந்த ஊர்த் தயாரிப்பாளராக இருந்தாலும் காபி கொடுத்து அனுப்பி வைத்திருப்பார்.

ராய் இரண்டு காரியம் செய்தார். ஆயுள் காப்பீட்டு பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். வேலையை விடவில்லை. கனவுக்காக வேலையை உதறியவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அதுதான் வீரம் என்று நமக்குப் பழகிவிட்டது. ராயின் வீட்டில் அடுப்பு எரிந்தது மாதச் சம்பளத்தில். படம் நகர்ந்தது விடுமுறை நாட்களில். கொஞ்சமாவது எடுத்துக் காட்டினால் யாராவது பணம் போடுவார்கள் என்பதுதான் திட்டம்.

1952 அக்டோபர் 27 அன்று முதல் படப்பிடிப்பு. பால்சித் என்ற ஊரில் ரயில் பாதையை ஒட்டி நாணல் பூத்துக் கிடந்த வெளி. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு இருபதை ஒட்டிய வயது. சினிமா கேமராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை. ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை வங்காளத்தில் எடுத்தபோது வேடிக்கை பார்க்கப் போய், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கேமரா எங்கே நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டவர். அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

சிறுவன் அப்பு, அக்கா துர்க்காவைத் தேடி நாணலுக்குள் நடந்துவர வேண்டும். பையன் அணிவகுப்பில் நடப்பதுபோல விறைப்பாக நடந்தான். சொல்லிக் கொடுத்தும் பயனில்லை. ராய் அவன் வரும் வழியில் சிறு சிறு குச்சிகளைப் போட்டு, தாண்டி வரச் சொன்னார். நாணலுக்குள் ஆட்களை ஒளித்து வைத்து, இந்தப் பக்கமிருந்து ஒருவர், அந்தப் பக்கமிருந்து ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைத்தார். பையன் தயங்கினான், திரும்பிப் பார்த்தான், மறுபடி நடந்தான். தேடுகிற பிள்ளையின் நடை வந்துவிட்டது. குச்சிக்கு என்ன செலவு?

மிச்சக் காட்சியை எடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், அங்கே நாணல் பூக்களே இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. பூ இல்லாமல் காட்சி இல்லை. இருக்கிற புல்லை வைத்துச் சமாளிப்போம் என்று ராய் நினைக்கவில்லை. அடுத்த ஆண்டு நாணல் பூக்கும்வரை காத்திருந்து எடுத்தார்.

சிக்கனம் எதில் செய்யலாம், எதில் கூடாது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் போரால் கிராமத்தில் ஒரு பாழடைந்த வீட்டை மாத வாடகைக்குப் பிடித்தார்கள். ஒப்பனை கிடையாது. முதிய அத்தையாக நடிக்க, மேடையை விட்டு விலகிப் பல காலம் ஆகியிருந்த சுனிபாலா தேவி வந்தார். 80ஐ ஒட்டிய வயது, நாளுக்கு 20 ரூபாய் சம்பளம். ஆனால் தனக்கு வேண்டிய வெளிச்சமும் பருவமும் முகமும் கிடைக்கும்வரை ராய் கேமராவை ஓட விடவில்லை.

பணம் மறுபடி தீர்ந்தது. புத்தகங்களை விற்றார். ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. மாதக்கணக்கில் வேலை நின்றது.

நின்ற வேலையில் சிக்கல்கள் முளைத்தன. வீட்டு நாய்க்குச் சோறு போடும் காட்சி பாதியில் நின்றிருந்தது. திரும்பிப் போனபோது நாய் செத்துவிட்டது. அதே சாயலில் இன்னொரு நாயைத் தேடிப் பிடித்தார்கள். மிட்டாய்க்காரராக நடித்தவரும் இடையில் இறந்துபோனார். உடல்வாகில் ஒத்த ஒருவரைப் பிடித்து, முதுகு மட்டும் தெரியும்படி நடக்க வைத்தார்கள். படத்தில் மூங்கில் தோப்பிலிருந்து வெளியே வருபவர் ஒருவர், அடுத்த துண்டில் வீட்டுக்குள் நுழைபவர் வேறொருவர். தெரியாமல் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய பயங்கள் மூன்று இருந்தன. அப்புவின் குரல் உடைந்துவிடக் கூடாது, துர்க்கா வளர்ந்துவிடக் கூடாது, சுனிபாலா தேவி இறந்துவிடக் கூடாது. மூன்றும் நடக்கவில்லை. அதை அதிசயம் என்றுதான் ராயே பிற்பாடு சொன்னார். சுனிபாலா தேவி தன் காட்சிகளை முடித்துக் கொடுத்தார். ஆனால் படம் திரைக்கு வருமுன் காலமானார்.

கடைசியில் கை கொடுத்தது மேற்கு வங்க அரசு. ராயின் தாயாருக்குத் தெரிந்தவர்கள் வழியாக விஷயம் முதலமைச்சர் பி.சி. ராயிடம் போனது. ‘பதேர்’ என்றால் ‘பாதையின்’; படத்தின் பெயரில் பாதை இருந்ததாலோ என்னவோ, சாலை மேம்பாட்டுக் கணக்கில் பணம் ஒதுக்கினார்கள் என்பது இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் கதை. குடும்பம் ஊரை விட்டுப் போகிற முடிவை மாற்றலாமே, கிராமம் முன்னேறுகிற மாதிரி காட்டலாமே என்ற யோசனையும் கூடவே வந்தது. ராய் இசையவில்லை. நாணலுக்கு ஓராண்டு காத்தவர், முடிவை விட்டுக் கொடுப்பாரா?

இதற்கிடையே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மன்றோ வீலர் கல்கத்தாவில் படத்தின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, தங்கள் கண்காட்சியின்போது திரையிடக் கேட்டார். இயக்குநர் ஜான் ஹஸ்டன் எடுத்தவரை பார்த்து நல்ல வார்த்தை சொன்னார். தேதி குறிக்கப்பட்டதும் ஓட்டம் பிடித்தது வேலை. இசையமைப்பாளர் ரவிசங்கருக்கு நேரம் இல்லை. ஒரே இரவில் உட்கார்ந்து பின்னணி இசையை முடித்துக் கொடுத்தார். மிச்சம் இருந்த சில இடங்களுக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே சிதார் வாசித்தார். 1955 மே 3 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி, ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் வெளியீடு. 1956இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசு.

மொத்தச் செலவு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு முழுசாகத் தெரியவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டு காலம், விஜயாவின் நகை, விட்டுவிட்டுப் போகாத தொழில்நுட்பக் குழுவின் பொறுமை, இவையெல்லாம் அதில் எந்தப் பத்தியில் வருகின்றன? சின்ன பட்ஜெட்டில் பெரிய காரியம் செய்தவர்களைப் புகழும்போது, குறைந்த தொகையை மட்டும் சொல்லி வியக்கிறோம். பணமாகக் கொடுக்க முடியாததை அவர்கள் வேறொன்றாகக் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் காலமாக, பல நேரம் வீட்டிலிருப்பவர்களின் காலமாகவும்.

ஆகவே கனவுக்குக் கணக்குப் போடும்போது நோட்டில் இரண்டு பக்கம் வேண்டும். ஒரு பக்கம் ரூபாய். மறுபக்கம், காத்திருந்தால் கெட்டுப்போகிறவை. முகம், குரல், வயது, கூட இருப்பவர்களின் நம்பிக்கை ஆகியவை அந்தப் பக்கத்தில் வரும். கையில் வரும் முதல் காசை அவற்றுக்குத்தான் செலவிட வேண்டும். நாணல் அடுத்த ஆண்டும் பூக்கும். 80 வயதுக்காரர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்த வாரம்: தயாரிப்பாளரே வேண்டாம் என்று, ஊர் ஊராகப் போய் மக்களிடமே கையேந்திப் படம் எடுத்தவர். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ தந்த ஜான் ஆபிரகாம்.