ஐஸ் கிடங்கு வீடான கதை

கண்டாச்சிபுரத்துக்கு வடக்கே செஞ்சிக் கோட்டை. அதன் அடிவாரத்தில் பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. பருத்த சுவர், வளைந்த கூரை, உள்ளே மங்கிய வெளிச்சம்.

இப்படிப்பட்ட கிடங்கில் மனிதர் குடித்தனம் செய்ய முடியுமா?

முடியும் என்று காட்டினார் ஒரு சென்னை வக்கீல்!

1842-ம் ஆண்டு. இன்றைய மெரீனா கடற்கரைக்கு எதிரே ஒரு கிடங்கு எழுந்தது. கட்டியவர் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடர். சரக்கு என்ன தெரியுமா? ஐஸ்! பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் ஐஸைப் பாளம் பாளமாக அறுத்தார்கள். மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார்கள். வழியில் கரைந்தது போக மிஞ்சியது இங்கே விலையாயிற்று.

பிறகு ஐஸ் செய்யும் இயந்திரம் வந்தது. டியூடரின் வியாபாரமும் கரைந்தது!

கிடங்கை வாங்கினார் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். ஐஸுக்கு வெளிக்காற்று எமன். மனிதருக்கோ காற்றே உயிர். ஆகவே பல ஜன்னல்களைத் திறந்தார். வட்டத் தாழ்வாரங்களைச் சேர்த்தார். நீதிபதி கெர்னனின் நினைவாக 'காஸில் கெர்னன்' என்று பெயரிட்டுக் குடியேறினார்.

1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். 1917-ல் வீடு சர்க்கார் வசமாயிற்று. பிறகு சகோதரி சுப்புலட்சுமி அதில் இளம் விதவைகளை வைத்துப் படிக்க வைத்தார். 1963-ல் 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் மாறியது.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே போன்ற ஐஸ் கிடங்குகள் இருந்தன. அவை இன்று இல்லை. சென்னைக் கிடங்கு மட்டும் நிற்கிறது. காரணம், அதில் ஒரு குடும்பம் விளக்கேற்றியது; பின் வந்தவர்கள் அதை அணையவிடவில்லை.

செஞ்சிக் களஞ்சியம் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் சொந்த நிலத்தில் பாட்டன் கட்டிய கிடங்கு வைத்திருப்பவர்கள் உண்டு. இடிப்பதற்கு முன் அவர்கள் சற்று யோசிக்கலாம். ஜன்னலுக்குச் சுவரை உடைக்குமுன், மேலே பாரம் தாங்க உத்தரம் வேண்டும். விவரமறிந்த எஞ்சினீயரைக் கேட்பது நல்லது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவரை அரிக்கும்.

கடப்பாரை எடுப்பது சுலபம். ஜன்னல் வைத்துப் பார்த்தால் கட்டடமும் பிழைக்கும், பணமும் மிஞ்சலாம்!