மெழுகு குடிக்கும் மரை

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வைத்திருந்த மோரிஸ் மைனர் கார் பதினாறு வருடமாக வீட்டு வாசலில் நின்றிருந்தது. மறுபடி ஓடவைக்கலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார். எஞ்சினோடு புகைக் குழாயைப் பிடித்திருக்கும் மேனிஃபோல்டைக் கழற்றும்போது நட்டைத் தாங்கும் மரைத் தண்டான ஸ்டட் ஒன்று பாதியில் முறிந்துவிட்டது. "அன்றைக்கு யாரோ கையால் முடுக்கிய நட்டுதானே, இன்றைக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்று கேட்கிறார்.

அன்று முடுக்கியது கை. அதற்கு மேல் முடுக்கியது துரு. இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருந்த மயிரிழைச் சந்தில் அது வீங்கி இறுகிக்கொள்ளும். கிள்ளானில் உப்புக்காற்று வேறு.

இன்னொரு சங்கடம் ஸ்பேனரில் இருக்கிறது. மைனரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. நம் ஒர்க்‌ஷாப் சுவர்களிலோ, ஜப்பான் கார்களும் 1985-இல் புரோட்டான் சாகாவும் வந்த பிறகு, தொங்குவதெல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டினால் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். பலம் கொடுத்ததும் நட்டின் மூலைகளை வழித்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் சரியான அங்குல ஸ்பேனர் ஒரு செட் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த வித்தை மெழுகுவர்த்தி. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு, தண்டும் தட்டும் மரை போட்டுச் சேர்த்தது. எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் ஏறி வருடத்துக்கு ஒருமுறை இறுகிவிடும். அம்மா வெளிப்பக்கத்துப் பித்தளையில் மட்டும் கொதிநீர் ஊற்றி, துணியால் பிடித்துத் திருகுவார். வெளியில் இருப்பது முதலில் சூடாகி விரியும். உள்ளிருப்பது விரிவதற்குள் திருகிவிட வேண்டும். எஞ்சினிலும் அதேதான்: சூடு நட்டுக்கு, ஸ்டட்டுக்கு அல்ல. பதினாறில் ஐந்து பங்கு அங்குல ஸ்டட்டைவிட அதன் நட்டு 200 டிகிரி கூடுதலாகச் சூடானால், கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் அது போதும். அந்தச் சூட்டில் மெழுகுவர்த்தியை மரை வாயில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே போய்விடும். திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே இழுப்பால்தான். நட்டு பழுக்கச் சிவக்கக் கூடாது. அப்போது மெழுகு உள்ளே போகாமல் புகைந்தே தீர்ந்துவிடும். மைனரில் கார்புரேட்டர் மேனிஃபோல்டுக்கு மேலேயே இருக்கிறது. அதையும் பெட்ரோல் குழாயையும் கழற்றித் தள்ளி வைக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த அப்பா, முதலில் கழற்றும் பக்கம் திருப்பவே மாட்டார். முடுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துப் பார்ப்பார். பிறகு கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப முடுக்கி, மறுபடி மெழுகு. 'கிரீச்' என்று சத்தம் வந்தால் துரு உடைகிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் போல இளகிக் கொடுத்தால் ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அங்கேயே கையை எடுத்துவிடுவார். ஏர் கன்னைப் பிடித்திருக்கும் இளைஞர்களின் கைக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஐம்பது வருடம் தாங்கிய ஸ்டட் இரண்டு நொடியில் முறிவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த இளைஞர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்கச் சொல்லித்தர அவர்களுக்கு யார் இருந்தார்கள்?

வாசகிக்கு: முறிந்த முனை கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் துளை போட விடாதீர்கள். உள்ளே விட்டுத் திருகும் எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகு. அது உடைந்து உள்ளே தங்கினால் சாதாரண டிரில்லுக்கு அசையாது. முறிந்த முனைமேல் ஒரு புது நட்டை வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். திருகுவதற்குத் தலையும் கிடைக்கும், சூடும் வேர்வரை இறங்கும். ஆறும்போது மெழுகு. புது ஸ்டட் போட்ட பின் பித்தளை நட்டையே கேட்டு வாங்குங்கள்; அது இரும்போடு துருப்பிடித்து ஒட்டாது.