நாற்பதை நெருங்கும்போது டென்னிஸ் மட்டை பிடித்தேன்!

"ஏம்மா, பொண்ணு பெரியவளாகிற சமயத்துல உனக்கு எதுக்கு இந்தப் பந்து விளையாட்டு?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அத்தை கேட்டது நியாயம்தானே! முப்பத்தொன்பது வயதுவரை நான் பந்தைத் தொட்டதெல்லாம், குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டதைத் துடைப்பத்தால் தள்ளி எடுத்தபோதுதான்.

எங்கள் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரம் - செஞ்சி வழியில் ஒரு சின்னக் கிராமம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இங்கேதான் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பிய கோயில் என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஆனால் டென்னிஸ் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

என் மகள்தான் முதலில் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். சனி, ஞாயிறு காலையில் அவளை விழுப்புரத்துக்கு பஸ்ஸில் அழைத்துப்போய், வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவுடன் காத்திருப்பது என் வேலை.

அந்தச் சமயத்தில்தான் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது சரியாகிவிட்டது. அதோடு நானும் அதை மறந்துவிட்டேன். அது தப்பு, சகோதரிகளே! கர்ப்பத்தில் வந்துபோன சர்க்கரை, பிற்காலத்தில் நிரந்தரமாகத் திரும்பிவர வாய்ப்பு அதிகம். மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு மூன்று மாதச் சராசரி 6.2 இருந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. 6.5 வந்தால் சர்க்கரை நோய்.

"வீட்டு வேலையே நாள் முழுக்க செய்யறேனே, டாக்டரம்மா?" என்றேன்.

"மூச்சு கொஞ்சம் வாங்கற மாதிரி வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசையணும். உங்களுக்குப் பிடிச்சதா ஏதாவது பண்ணுங்க" என்றார்.

அந்த வாரமே பயிற்சியாளர் தம்பியும் கேட்டார்: "அக்கா, ரெண்டு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க? ஒரு மட்டையை எடுங்க."

எடுத்தேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் இரண்டு வாரம் பந்து போன திசை அந்தப் பந்துக்கே தெரியாது! தரையில் எழும்பி வரும் பந்து எங்கே வரும், எப்போது வரும் என்று கணக்குப் போடுவதற்குள் அது என்னைத் தாண்டிவிடும்.

மூன்றாவது வாரம் அந்தத் தம்பி என்னை வலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பந்து தரையில் படுமுன்பே அடித்துத் திருப்புவதற்கு 'வாலி' என்று பெயர். "நெல்லு தூத்தற மாதிரி கையை வீச வேண்டாம்க்கா. கட்டட வேலையில செங்கல்லைத் தூக்கிப் போட்டா எப்படிப் பிடிப்பாங்க? கையை முன்னாடி நீட்டி, கண்ணால பார்த்துப் பிடிப்பாங்க இல்லையா? அது மாதிரிதான்" என்றார்.

சொல்வது சுலபம்! அவசரக்காரியான நான், "கொஞ்சம் வேகமாப் போடுங்க தம்பி" என்று கேட்டுத் தொலைத்தேன். பந்து வேகமாக வந்ததும் பயந்து பின்வாங்கி, மட்டையைத் தாழ்த்திவிட்டேன். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பளீரென்று ஓர் அடி. மயிரிழையில் கண் தப்பியது. வீக்கத்தைப் பார்த்து அத்தை அழுதே விட்டார். "இனிமே அந்தப் பக்கம் போகாதே" என்றார் என் கணவர். நானும் இரண்டு வாரம் போகவில்லை.

ஆனால் மகள் சும்மா இருக்கவில்லை. "அம்மா, பயந்து மட்டையை இறக்கினதாலதான் அடிபட்டுது. முகத்துக்கு முன்னாடி வெச்சிருந்தா அதுவே கேடயம்மா" என்றாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். என்னை அடித்தது பந்தில்லை, என் பயம்!

வீட்டுக்குப் பின்னால் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே துணி காயப்போடும் கயிற்றை மூன்றடி உயரத்தில் கட்டினோம். டென்னிஸ் வலையின் நடு உயரமும் மூன்றடிதான். மண் தரை மேடும் பள்ளமுமாக இருந்தாலும் கவலையில்லை, வாலியில் பந்து தரையைத் தொடுவதே இல்லையே! கோர்ட் இல்லாத கிராமத்தில்கூடப் பழக முடிகிற டென்னிஸ் இது ஒன்றுதான். முதலில் மென்மையான ஸ்பாஞ்சுப் பந்து, பிறகு குழந்தைகளுக்கான வேகம் குறைந்த பந்து, அப்புறம்தான் நிஜப் பந்து. மகள் பரீட்சைக்குப் படித்த நாட்களில், நாற்காலியில் உட்கார்ந்தபடி பந்து போட்டது யார் தெரியுமா? என் மாமியாரேதான்!

நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்:

* சுத்தியலைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடியுங்கள். இந்த ஒரே பிடியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆடலாம்.

* மட்டையின் தலை மணிக்கட்டுக்கு மேலேயே இருக்கட்டும். பந்து தாழ்வாக வந்தால் முழங்காலை மடக்குங்கள், மட்டையைத் தொங்கவிடாதீர்கள்.

* எதிராளி அடிக்கும் நொடியில் இரு காலிலும் லேசாக ஒரு குதி. உடம்பு எந்தப் பக்கமும் பாயத் தயாராகிவிடும்.

* கையைப் பின்னால் இழுக்காதீர்கள். வலக்கைக்காரர்கள் வலப்பக்கப் பந்துக்கு இடது காலை முன்வைத்து, உடம்புக்கு முன்னாலேயே பந்தைச் சந்தியுங்கள். இடப்பக்கப் பந்துக்கு வலது கால்.

* மட்டையோ உடம்போ வலையில் பட்டால் பாயிண்ட் போய்விடும். எதிராளி போடும் சர்வீஸைத் தரையில் படுமுன் அடிக்கவும் கூடாது.

* ஓட்டத்துக்கான ஷூ வேண்டாம், பக்கவாட்டில் கால் பிரளும். டென்னிஸ் ஷூவே போடுங்கள். விளையாடுமுன் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்களும், புதிதாகப் பிரசவித்தவர்களும் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறீர்களா? விம்பிள்டனில் ஒன்பது முறை ஒற்றையர் பட்டம் வென்ற மார்ட்டினா நவ்ரத்திலோவா, வலைக்கு முன்னால் ஆடுவதில் புகழ் பெற்றவர். 2006-இல் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரை வென்றபோது அவருக்கு ஐம்பது நிறைய ஒரு மாதமே இருந்தது. நம் கோயமுத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன், 1998-இல் ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையரில் ஒரு சுற்று வென்று, டென்னிஸின் ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் போட்டியில் அப்படி வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். நமக்குப் பட்டம் வேண்டாம், ஆரோக்கியம் போதுமே!

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சியே செய்யாதவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் ஒன்பது வருடத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. அதற்கு டென்னிஸ் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், நாலு பேரோடு சிரித்துப் பேசி விளையாடுவதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோது 5.8. அரிசியைக் குறைத்து, காய்கறியைக் கூட்டியதற்கும் அதில் பங்கு உண்டு. எல்லைக்கோட்டை இன்னும் முழுதாகத் தாண்டவில்லைதான். ஆனால் பின்வாங்கவும் இல்லை.

போன மாதம் அம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் இரட்டையர் ஆட்டம் வைத்தார்கள். மகள் பின்னால், நான் வலைக்கு முன்னால், எங்கள் குகைக் கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர் மாதிரி! ஒரு பந்து நேராக என் முகத்துக்கு வந்தது. நான் நகரவில்லை. மட்டை தானாக எழுந்தது. பந்து அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. "அம்மா!" என்று மகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டத்தில் தோற்றுத்தான் போனோம். அதனால் என்ன?

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் அத்தைதான் முதலில் குரல் கொடுக்கிறார்: "பஸ்ஸுக்கு நேரமாச்சு, இன்னும் கிளம்பலியா?"